விடுதலைப் பத்திரம்

விடுதலை என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவனின் மனக்கண்முன் சிறைக்கதவு திறக்கும், கொடி ஏறும். பதிவு அலுவலகத்தின் வாயிலில் அமர்ந்திருக்கும் பத்திர எழுத்தருக்கோ அச்சொல் தரும் பொருள் வேறு. தமிழ்நாட்டில், தந்தை விட்டுச் சென்ற வீட்டில் உடன்பிறந்தார் மூவருக்குப் பங்கு இருந்து, அவருள் ஒருவர் தம் பங்கை ஏனையோர்க்கு விட்டுக்கொடுத்தால், அதற்கென எழுதப்படுவது விடுதலைப் பத்திரம். எழுதித் தருபவர் இங்கே விடுதலை பெறுபவர் அல்லர், தருபவர். அவருடைய பாத்தியதை அன்றோடு ஒழிகிறது. கையெழுத்தைப் பெற்றவர்களே அவருடைய உரிமையின் பிடியிலிருந்து விடுபடுகிறார்கள். எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று வகுப்பறையில் பிழையறப் பிரித்துக் காட்டும் புலமையாளரும், தம் பெயருக்கு நேரே புள்ளியிட்ட கோடு ஒன்றைக் கண்டவுடன் இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதுண்டு.

நிலத்தைப் பற்றியன்றிக் கடையைப் பற்றியும் இத்தகைய தாள் வரும். பிரான்சைஸ் என வணிக உலகம் வழங்கும் கிளையுரிமை முறையில், ஒருவர் தம் பணத்தைப் போட்டு, தம் உழைப்பைச் செலுத்தி, பிறிதொரு நிறுவனத்தின் பெயர்ப்பலகையின் கீழ்க் கடை நடத்துகிறார். பெயர், சமையற் பக்குவம், சுவரின் வண்ணம், பணியாளர் உடுப்பு யாவும் தாய் நிறுவனம் வகுத்தவை. இலாப நட்டம் மட்டும் கிளை நடத்துபவருடையது. நுழைவுக் கட்டணமும் விற்பனையில் ஒரு விழுக்காடும் தாய் நிறுவனத்திற்குச் செல்லும். ஏ அண்ட் டபிள்யூ உணவகம் 1963-இல் கோலாலம்பூருக்கு வந்தது, கே.எஃப்.சி. 1973-இல் வந்தது. இந்நாட்டவரின் சொந்த உணவகங்களும் பின்னர் இவ்வழியில் கிளை பரப்பின. 1998-இல் நாடாளுமன்றம் கிளையுரிமைச் சட்டத்தை இயற்றியது. 1999 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் காலம் ஐந்தாண்டிற்குக் குறைதல் கூடாது. கையெழுத்திட்ட பின் மனம் மாறினால் விலகிக்கொள்ள ஏழு வேலை நாளேனும் அவகாசம் தரல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. புகுகின்றவர்க்கு இத்துணைக் காவல் உண்டு. வெளியேறுகின்றவர்க்கு? கிளையைப் பிறருக்கு மாற்றித் தருவதற்குரிய நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே குறித்துவிட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அந்நிபந்தனைகள் எத்தகையனவாக இருத்தல் வேண்டும் என்பதைப் பெரிதும் இரு தரப்பாரின் பேச்சுக்கே விட்டுவிடுகிறது. பேச்சில் வல்லவர் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

பிறர் பெயரைத் தாங்கிக் கடல் கடந்து கடை நடத்துவது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. பினாங்கு வீதியில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்த காலத்தை அறிந்த முதியவர் இன்றும் உளர். நீண்ட கூடம் ஒன்றில் பல நிறுவனங்கள் அருகருகே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பெட்டி, ஒரு பாய், சில பேரேடுகள், அவ்வளவே. அவற்றைப் பிரித்து அறிவதற்கு உதவியது விலாசம். இன்று அச்சொல் முகவரியைக் குறிக்கிறது. நகரத்தார் வழக்கிலோ அது நிறுவனத்தின் பெயர். குடும்பத்து முன்னோரின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த அடையாளம். செட்டிநாட்டில் இருக்கும் முதலாளியின் விலாசத்தில், அவர் தந்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு, பினாங்கில் ஏஜெண்டு ஒருவர் கொடுக்கல் வாங்கல் நடத்துவார். பொதுவாக மூன்றாண்டு ஒரு தவணை. மனைவி மக்களை ஊரில் விட்டு வந்த அவர் தவணை முடிந்ததும் கப்பலேறுவார். அடுத்தவர் வந்து இறங்குவார்.

இந்த ஏஜெண்டு சம்பளத்துக்கு வந்தவர் என்பதையும், இக்காலத்துக் கிளையுரிமையாளர் தம் சொந்த முதலைப் போட்டவர் என்பதையும் மறத்தல் ஆகாது. ஆயினும் பொறுப்பு கைம்மாறும் வேளையில் இருவர் நிலையும் ஒன்றே. அக்காலத்தில் அம்மாற்றம் நிகழ்ந்த முறை எண்ணத்தக்கது. போகிறவரும் வந்தவரும் சில காலம் ஒரே கிட்டங்கியில் உடனிருப்பர். கடன் பெற்றோரிடம் புதியவரை அழைத்துச் சென்று பழையவர் அறிமுகம் செய்வார். புரோநோட்டுகள் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்கப்படும். வரவு, பற்று, கையிருப்பு, நிலுவை அனைத்தையும் அடக்கிய ஐந்தொகை எடுக்கப்பட்டு முதலாளிக்குச் செல்லும். அவர் அதனைப் பார்த்து, வினவ வேண்டியதை வினவி, தீர்க்க வேண்டியதைத் தீர்ப்பார். கணக்கு நேரானபின்னரே பழையவரின் பொறுப்பு முடியும். முதலில் கணக்கு; அதன் பின்னரே விடுதலை. இவ்வரிசைமுறைதான் இங்கே கருதத்தக்கது. பெட்டியடிப் பையனாக வந்து சேர்ந்த சிறுவனும் கற்கத் தொடங்கும் இவ்வரிசை, இற்றை நாளில் அச்சிட்டு வரும் தாள்களில் தலைகீழாகிவிட்டது.

எடுத்துக்காட்டாக, ஜார்ஜ்டவுனில் உணவகக் கிளை ஒன்றை ஒருவர் ஏழாண்டுகளாக நடத்தி வருகிறார் என்று கொள்க. ஒப்பந்தம் பத்தாண்டுக்குரியது. முழங்கால் வலி நாள்தோறும் பதினான்கு மணி நேரம் நிற்க விடவில்லை. தங்கையின் மகன் கடையிலேயே வேலை பழகியவன். அவனுக்கு மாற்றித்தர எண்ணுகிறார். தாய் நிறுவனம் இசைவு தருகிறது. இசைவோடு மூன்று தாள்களும் வருகின்றன. முதலாவது, உரிமையை மருமகனுக்கு மாற்றும் பத்திரம். இரண்டாவது, அவன் கையெழுத்திட வேண்டிய புதிய பொறுப்புறுதி. மூன்றாவது, இரண்டு பக்கத்தில் அடங்கும் ஒரு சிறிய தாள். நிறுவனத்தின்மீதும் அதன் இயக்குநர், பணியாளர் ஆகியோர்மீதும் இதுவரை இருந்த, இப்போது இருக்கின்ற, இனி எழக்கூடிய, அறிந்த, அறியாத எல்லாக் கோரிக்கைகளையும் மாமா கைவிடுகிறார் என்பது அதன் சாரம்.

"மாமா, இந்த மூன்றாவது தாள் எதற்கு?" என்று மருமகன் கேட்கிறான்.

"வழக்கமான தாள்தானாம், தம்பி. இது இல்லாமல் இசைவு கிடைக்காதாம்."

வழக்கமான தாள் என்னும் இத்தொடர்தான் அச்சம் தருவது. அந்த மாமாவின் நிலையைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். நான்காம் ஆண்டில் கடையைப் புதிய வண்ணத்திற்கு மாற்றச் சொன்னார்கள். செலவில் பாதியைத் தருவதாகத் தொலைபேசியில் கூறினார்கள். பாதி என்பது 18,000 ரிங்கிட். அது வந்து சேரவில்லை. தொடக்கத்தில் கட்டிய வைப்புத்தொகை நிறுவனத்திடமே இருக்கிறது. விளம்பரத்துக்கென மாதந்தோறும் பிடித்த பணம் எங்கே செலவாயிற்று என்பதற்குக் கணக்கு வரவில்லை. மூன்றாவது தாளில் கையெழுத்து விழுந்த அக்கணமே இவை மூன்றும் போயின. வைப்புத்தொகையைப் பற்றித் தனியே ஒரு வரி எழுதப்பட்டிருந்தாலொழிய அதுவும் வாதத்துக்கு உரியதாகும். மறுபுறத்திலோ, நிறுவனம் எதனையும் கைவிடவில்லை. ஏழாண்டுக்கு முன் மாமா எழுதித்தந்த பழைய பொறுப்புறுதி அதன் இரும்புப் பெட்டியில் உறங்குகிறது. நாளை மருமகன் தவணை தவறினால் அது விழித்தெழலாம். ஒப்பந்தம் முடிந்தபின் ஈராண்டுகள் அதே வகையான தொழிலில் ஈடுபடலாகாது என்னும் சட்டக் கட்டும் அவரைத் தொடர்கிறது. கடையும் இல்லை, கோரிக்கையும் இல்லை, பொறுப்பு மட்டும் உண்டு. இதற்குப் பெயர் விடுதலை!

கைவிட்டது கைவிட்டதுதானா? பின்னர் நீதிமன்றம் சென்று மீட்டுக்கொள்ள வழியில்லையா? இவ்வினாவிற்கு நாட்டுக்கு நாடு விடை சிறிது மாறுகிறது. இங்கிலாந்தில் டாக்டர் ஃபோக்ஸ் என்பவர் திருமதி பீர் என்பவருக்கு 2,090 பவுனும் 19 ஷில்லிங்கும் தர வேண்டியிருந்தது. தவணை முறையில் முழுவதும் செலுத்திவிட்டால் மேல்நடவடிக்கை எடுப்பதில்லை என்று அம்மையார் எழுதிக் கொடுத்தார். முழுத்தொகையும் வந்தபின் வட்டியாக 360 பவுன் கேட்டார். 1884-இல் பிரபுக்கள் சபை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுப்பதாகச் சொன்ன சொல்லுக்கு ஈடாக அவர் எதனையும் பெறவில்லையாதலின் அச்சொல் அவரைக் கட்டாது என்பது காரணம். மலேசியாவில் நிலைமை வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி எழுந்தது இந்நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அதன் 64-ஆம் பிரிவின்படி, வரவேண்டியதை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ ஒருவர் தாமே தள்ளுபடி செய்யலாம். அதற்குக் கைம்மாறு ஒன்றும் வேண்டுவதில்லை. ஐயாயிரம் வர வேண்டியவர் இரண்டாயிரத்தை முழுத்தீர்வாக ஏற்றுக்கொண்டால் கடன் முழுவதும் தீர்ந்தது என்று அச்சட்டமே எடுத்துக்காட்டும் தருகிறது.

இப்பிரிவின் கூர்மையை 1966-இல் வெளியான கெர்பா சிங், பாரியாம் சிங் வழக்கின் தீர்ப்பில் காணலாம். பாரியாம் சிங் செலுத்த வேண்டிய தீர்ப்புக்கடன் எண்ணாயிரம் வெள்ளிக்கு மேற்பட்டது. அவருடைய மகன், 4,000 வெள்ளிக்குக் காசோலை இணைத்து, இதனை முழுத்தீர்வாகக் கொள்க, உடன்பாடு இல்லையேல் காசோலையைத் திருப்பியனுப்புக என்று கடிதம் எழுதினார். கெர்பா சிங்கின் வழக்கறிஞர்கள் காசோலையை மாற்றிப் பணத்தை வைத்துக்கொண்டு, எஞ்சிய தொகைக்காக நொடிப்பு நடவடிக்கையில் இறங்கினர். கூட்டரசு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டபோதே நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டதாயிற்று. விடுதலைப் பத்திரம் என்ற தலைப்பிட்ட தாள் எதிலும் அங்கே கையெழுத்து விழவில்லை. ஒரு காசோலை மாற்றப்பட்டது, அவ்வளவே. கையெழுத்திட்ட தாளின் வலிமையை இதனைக்கொண்டு உய்த்துணரலாம்.

வஞ்சித்தோ அச்சுறுத்தியோ பெற்ற கையெழுத்தை, அதனை இட்டவர் செல்லாததாக்கிக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் 'படிக்கவில்லை' என்பது வஞ்சனை ஆகாது. 'வழக்கமானது என்றார்கள்' என்பதும் எளிதில் ஆகிவிடாது. அறியாத கோரிக்கை என்னும் சொல்லுக்கு நீதிமன்றங்கள் எல்லை வகுத்ததும் உண்டு. பி.சி.சி.ஐ. என்னும் பன்னாட்டு வங்கி 1990-இல் பணியாளர் சிலரைக் குறைத்தது. சிறுதொகை கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, இருக்கின்ற அல்லது இருக்கக்கூடிய எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்று நயீம் என்பவர் கையெழுத்திட்டார். மறு ஆண்டு வங்கி வீழ்ந்தது. உள்ளே நடந்த பெருமோசடி வெளிவந்தது. அவ்வங்கியில் பணிபுரிந்தவர் என்ற கறையினால் தமக்கு வேறு வேலை கிடைக்கவில்லை என்று பழைய பணியாளர் வழக்குத் தொடுத்தனர். கையெழுத்திட்ட நாளில் இருவரும் எண்ணிப் பார்த்திராத ஒரு கோரிக்கையை அத்தாள் விழுங்கிவிடவில்லை என்று 2001-இல் பிரபுக்கள் சபை பெரும்பான்மையாக முடிவு செய்தது. ஒரு நீதிபதி உடன்படவில்லை. ஆறுதலான தீர்ப்புத்தான். ஆனால் தாளுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஓடியவை பதினோர் ஆண்டுகள். உணவகம் நடத்தி முழங்கால் தேய்ந்த ஒருவர் பிரபுக்கள் சபையின் கதவு வரை நடக்க முடியுமா? அன்றியும், நம் எடுத்துக்காட்டில் உள்ள 18,000 ரிங்கிட் அறியாத கோரிக்கை அன்று. அவர் நன்கு அறிந்திருந்தது. அதற்கு இத்தீர்ப்பு நிழல் தராது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் இவ்வகையில் முன்னே செல்கிறது. கிளையுரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பைக் கைவிடச் செய்யும் தாள் அங்கே செல்லாது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், இரு தரப்பாரும் தத்தமக்கென வேறு வேறு வழக்கறிஞரை வைத்துப் பேசி முடித்த தீர்வாக இருந்தால் மட்டும் அது செல்லும். வழக்கறிஞர் இருவர் என்பதே இதன் உயிர்நாடி. நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுதிய தாளை நிறுவனத்தின் அலுவலரே விளக்கிச் சொல்லக் கேட்டுக் கையெழுத்திடும் வழக்கம் அங்கே செல்லுபடியாகாது.

தொலைபேசியில் சொன்ன சொல் தாளில் ஏறாமற்போனால் என்ன நிகழும் என்பதற்குப் பினாங்குத் தீவே பெருஞ்சான்று. சயாமின் அச்சுறுத்தலுக்கு அஞ்சியிருந்த கெடா சுல்தான் அப்துல்லா, படைத்துணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட இசைந்தார். பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11-ஆம் நாள் கொடியேற்றினார். கம்பெனியோ படைத்துணைக்கு உறுதி தரவில்லை. கைம்மாற்றம் நடந்துவிட்டது, கணக்குத் தீரவில்லை. ஐந்தாண்டு காத்திருந்த சுல்தான் தீவை மீட்கப் பிறையில் படை திரட்டினார். 1791-இல் லைட் அப்படையைக் கலைத்தார். அவ்வாண்டு எழுதப்பட்ட உடன்படிக்கை ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தருவதாகக் கூறிற்று. 1800-இல் எதிர்க்கரை நிலப்பகுதியும் சேர்ந்து அத்தொகை 10,000 ஆயிற்று. படைத்துணையைப் பற்றிச் சுல்தான் எதிர்பார்த்த வரி மட்டும் எழுதப்படவேயில்லை. 1821-இல் சயாம் கெடாவைத் தாக்கியபோது, அன்றைய சுல்தான் தம் முன்னோர் விட்டுக்கொடுத்த இதே தீவிற்கு அடைக்கலம் தேடி வந்தார். பினாங்கு எமக்குரியது என்னும் குரல் கெடா மாநில அரசின் தலைமையிலிருந்து 2020-க்குப் பின்னரும் எழுந்தது. இரண்டு நூற்றாண்டு கடந்தும் ஒரு கைம்மாற்றத்தின் நிலுவை பேசப்படுகிறது. வரி ஒன்று விடுபட்டதன் விலை இது.

இதுகாறும் போகிறவரைப் பற்றியே பேச்சு. வருகிறவனான மருமகனுக்கும் இதில் இடர் உண்டு. நிலம் வாங்குவோர் தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்ப்பர். அந்நிலத்தின்மீது பதிவான அடமானம், விற்பனை முதலியன அதில் தெரியும். நடக்கின்ற கடைக்கு அத்தகைய ஒற்றைச் சான்று இல்லை. பேரேடுதான் அதன் வில்லங்கச் சான்று. கோழி தருபவருக்கு எவ்வளவு நிலுவை, பணியாளரின் சேமநிதியும் சொக்சோவும் எம்மாதம் வரை கட்டப்பட்டன, கட்டட வாடகை முன்பணம் யார் பெயரில் இருக்கிறது, குளிர்பெட்டி தவணையில் வாங்கியதா, வாடிக்கையாளர் எவரேனும் வழக்குரைப்பதாகக் கடிதம் விடுத்ததுண்டா என்று அவன் கேட்டல் வேண்டும். தாய்மாமனிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குவது தமிழர் இயல்பு. கிட்டங்கியில் உறவினர்க்கிடையேயும் ஐந்தொகை எடுத்தார்கள். உறவு அதனால் கெடவில்லை. எடுக்காத இடங்களில்தான் கெட்டது.

இனி, அந்த மூன்றாவது தாளை அவர்கள் என்ன செய்தல் கூடும்? கிழித்தெறிய இயலாது; இசைவு அதனோடு பிணைந்திருக்கிறது. ஆனால் அச்சிட்ட தாள் கல்வெட்டு அன்று. இரண்டு பக்கத் தாளில் நான்கு இடங்களில் எழுத்தை மாற்றக் கேட்கலாம். மாமா நிறுவனத்தை விடுவிப்பதுபோல் நிறுவனமும் மாமாவை விடுவிப்பதாக எழுதக் கேட்கலாம். இந்த ஒரு மாற்றமே தாளின் இயல்பை மாற்றிவிடும். இனி எழக்கூடிய என்பதை நீக்கி, கைம்மாற்ற நாள்வரை என்று நாள் குறிக்கலாம். வைப்புத்தொகையும் அந்த 18,000 ரிங்கிட்டும் இவ்விடுதலைக்குப் புறம்பானவை என்று தொகையோடு எழுதலாம். அல்லது அவற்றைப் பெற்றுக்கொண்டபின் கையெழுத்திடலாம். பழைய பொறுப்புறுதி இந்நாளோடு முடிந்தது என்று தனித்தாள் கேட்கலாம். இவற்றுள் எல்லாம் கிடைக்கும் என்பதில்லை. தாய் நிறுவனங்கள் சில ஒரு சொல்லையும் மாற்ற உடன்படா. அப்போது மாமா தம் 18,000 ரிங்கிட்டை ஒரு தட்டிலும், கடையை விட்டு நீங்கும் நிம்மதியை மறு தட்டிலும் வைத்து நிறுக்க வேண்டியவராகிறார். நிறுத்துப் பார்த்து விட்டுக்கொடுப்பதும் வணிகமே, அதில் இழிவில்லை. தொகையை அறிந்து விடுபவர் ஒருவிதம், தாளைப் படியாமல் விடுபவர் வேறுவிதம்.

இணங்கிவராத நிறுவனத்திடம் கோரிக்கையை விட்டுவிடாமல் காத்திருக்க விரும்புவோர்க்குக் காலமும் எண்ணிக்கைக்குட்பட்டதே. மேற்கு மலேசியாவில் ஒப்பந்தத்தின்வழி எழும் வழக்கை, அதற்குரிய காரணம் தோன்றிய நாளிலிருந்து ஆறாண்டுக்குள் தொடுத்தல் வேண்டும் என்பது 1953-ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டத்தின் விதி. நான்காம் ஆண்டில் சொன்ன சொல்லுக்கு ஏழாம் ஆண்டு முடிவில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ மூன்றாண்டு. அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குச் சான்றாக ஏதேனும் ஒரு கடிதமோ, வண்ணம் பூசியவருக்குப் பணம் தந்த பற்றுச்சீட்டோ இருக்குமாயின் அதனை இப்போதே தேடி எடுத்து வைத்தல் நலம். கடைகளில் வெப்பத்தாளில் அச்சாகும் சீட்டுகளின் எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடுகிறது. நகல் எடுத்து வைத்தல் வேண்டும்.